எவர்சில்வர் குடத்தில் ஒரு சிவப்பு

ஜூன் 3, செவ்வாய்

மேடம், இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். மணி பதினொன்றே முக்கால். அன்றைய குறிப்பை அன்றைக்கே எழுதிவிட வேண்டும், மறுநாள் எழுதினால் கண் பார்த்ததை மூளை திருத்திவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குக் கிடைக்கும் நேரம் இதுதான்.

அஞ்சல்வழி ஓவிய வகுப்பின் நான்காம் பாடம் வந்து சேர்ந்தது. "உங்கள் சமையலறையில் ஒரு மூலை. நாட்குறிப்பு எழுதிக்கொண்டே நீர்வண்ணத்தில் வரையுங்கள். முடித்த படத்தோடு நோட்டையும் அஞ்சலில் அனுப்புங்கள். செல்பேசியில் பிடித்து அனுப்ப வேண்டாம், நிறம் பொய் சொல்லும்." நான்கு மாதமாக உங்களிடம் கற்கிறேன், என்னைப் பற்றி எதுவும் எழுதியதில்லை. எங்கள் ஊர் தாராபுரம். நான் வேதியியல் முதுகலை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், சனிக்கிழமை வந்து திங்கள் காலை போவார். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் மகள் தன்விகா, தனு, இரண்டு வயது எட்டு மாதம்.

நீங்கள் சொன்னபடி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் வழியாக மூலை மூலையாகப் பார்த்தேன். அடுப்பு மேடை வேண்டாம், சாமான் அதிகம். கிழக்கு ஜன்னலுக்கு அடியில் ஒரு முக்காலியில் குடிதண்ணீர்க் குடம் இருக்கிறது. எவர்சில்வர். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அதன் மேல் வெயில் விழும். தனு எப்போதும் அதன் எதிரில்தான் உட்கார்ந்து விளையாடுவாள். குடத்தின் பக்கத்தில் மூன்று கத்திரிக்காய், ஒரு கீற்று அரசாணிக்காய் என்கிற மஞ்சள் பூசணி, ஒரு கை சின்ன வெங்காயம் வைத்தேன்.

மாமா தண்ணீர் மொள்ள வந்தார். "என்ன அம்மிணி, காய்க்கெல்லாம் சீட்டுப் போட்டு உக்கார வெச்சிருக்க?"

"படம் வரையறதுக்குங்க மாமா. யாரும் தொடக்கூடாது."

"தண்ணி குடிக்கலாமா, அதுக்கும் டிக்கெட் எடுக்கோணுமா?"

ஜூன் 4, புதன்

அரசாணிக்காய் குழம்பாகிவிட்டது. நானேதான் வைத்தேன். வேறு காய் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

பென்சில் கோடுகள் மட்டும் போட்டேன். குடத்தின் வயிறு ஒரு பக்கம் பெருத்துவிடுகிறது. அழித்து அழித்துத் தாள் பஞ்சு பஞ்சாகிறது.

எட்டு மணி வாக்கில் அலமாரியிலிருந்து அண்டா மூடி ஒன்று நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கோடு தாளுக்கு வெளியே ஓடிவிட்டது. தனு வெங்காயத்தை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், அடுக்கி முடித்தாள். விளையாட்டில் அவ்வளவு கவனம். என் தம்பியும் சின்ன வயதில் இப்படித்தான் என்று அம்மா சொல்லுவார்.

அவள் இன்னும் பேசவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். "ப்பா" என்பாள், அது அப்பாவா, பாப்பாவா, பாலா தெரியாது. சென்ற திங்கள் மழலைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, அந்த டீச்சர் நான்கைந்து தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, "ஒருக்கா காது டெஸ்ட் பண்ணிட்டு வந்துருங்க" என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "உன்ற புருசன் மூணரை வயசு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இப்பப் பாரு, வாயத் தொறந்தா மூடறானா? எங்க வம்சமே அப்பிடித்தான். காது கேக்கலைன்னு அவ எப்பிடிச் சொல்லலாம்?" என்று உள்ளே போய், இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் ஊதிய விசிலை எடுத்து வந்தார். சமையலறையில் தனு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இவர் வாசற்படியில் நின்று ஒரே ஊது. அவள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா? ரைட், போலாம்!" என்றார். கண்ணில் தண்ணீர்.

அன்றிலிருந்து தினம் காலையில் இது ஒரு ஆட்டமாகிவிட்டது. விசில், திரும்பல், சிரிப்பு. சீட்டை என் வரைபலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனமில்லை, அவ்வளவுதான்.

இப்போது எழுந்து போய் அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

குடத்துக்குச் சாம்பல் நிறம் பூசினேன். குடமாக இல்லை, கருங்கல்லாக இருக்கிறது. இரண்டாம் பாடத்தைப் புரட்டினால் அங்கேயே எழுதியிருக்கிறீர்கள்: "எவர்சில்வருக்குச் சொந்த நிறம் கிடையாது. எதிரில் இருப்பதெல்லாம்தான் அதன் நிறம். வெள்ளைப் பளபளப்புக்குத் தாளை முதலிலேயே விட்டுவிடுங்கள், பிறகு மீட்க முடியாது." நான் விடவில்லை. புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன்.

மாமா நாட்டு மருந்துக் கடையிலிருந்து தனுவுக்காக ஒன்று வாங்கி வந்தார். சுட்டுக் கரியாக்கித் தேனில் உரசி நாக்கில் தடவினால் பேச்சு வருமாம். பொழுது சாய்ந்த பிறகு அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் இந்த நேரத்தில் எழுதுவதால் பெயரை எழுதவில்லை.

தனுவின் நாக்கு கறுத்திருந்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 12, வியாழன்

இன்று வண்ணம் தொடவில்லை. நீங்கள் சொன்னபடி குடத்தில் தெரியும் நிறங்களை மட்டும் குறித்தேன். தனுவுக்குப் பின்னால், அவள் உயரத்துக்கே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இடது ஓரம்: ஜன்னல், வளைந்த வெள்ளை. அதன் கீழே கத்திரிக்காயின் ஊதா, நீண்டு ஒழுகினதுபோல். நடுவில் தனுவின் மஞ்சள் கவுன். அவள் தோளுக்கு மேல் நான், புளியங்கொட்டை அளவு. வலது ஓரம்: வாசற்படி, நீலச்சாம்பல்.

ஏழு ஐம்பதுக்கு அந்த நீலச்சாம்பலில் ஒரு சிவப்பு வந்தது. முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, மாமாவின் தோள் துண்டு. வாசற்படியில் வந்து நிற்கிறார். சிவப்பு சின்னதிலிருந்து பெரிதானது.

தனு திரும்பிச் சிரித்தாள்.

விசில் அதற்குப் பிறகுதான் கேட்டது.

"பாத்தியா, பாத்தியா!" என்றார் மாமா. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் பால் வாங்கப் போனதும் ஒரு துண்டைப் போட்டுக் குடத்தை மூடினேன். தனுவுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். ஒரே ஒரு முறை. ஆய்வகத்தில் ஒரு அளவை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, மூன்று ஒத்துப்போக வேண்டும். அதனால் இதை ஒரு முடிவாக எழுதவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வரையவில்லை. தலைவலி.

ஜூன் 15, ஞாயிறு

மூலையின் அமைப்பை மாற்றிவிட்டேன் மேடம். மாமா விடியற்காலையே சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிவிட்டார், செவ்வாய் காலைதான் வருவார். குடத்தைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தேன். முக்காலியில் இப்போது ஒரு மண்சட்டி. எவர்சில்வர் எனக்கு இன்னும் கைவரவில்லை, அதுதான் காரணம். சட்டி நல்லது. அதில் எதுவும் தெரியாது. கத்திரிக்காய் சுருங்கத் தொடங்கிவிட்டது, அதையும் அப்படியே வரையலாம் என்றிருக்கிறேன்.

என் கணவர் நேற்று இரவு வந்தார். காலையில் தனுவை மடியில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், "ஏங்க, அந்த டீச்சர் குடுத்த சீட்டு... ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தா என்னங்க?"

"எங்கப்பா வெச்ச டெஸ்ட்லயே பாஸாயிட்டா. அதுக்கு மேல என்ன பெரிய டெஸ்ட்டு?"

"சும்மா ஒரு..."

"மதி, நீ ராத்திரியெல்லாம் உக்காந்து என்னத்தையோ யோசிக்கற. தூங்கு மொதல்ல. புள்ளைக்கு ஒண்ணுமில்ல." தனுவின் கன்னத்தைக் கிள்ளி, "சொல்லு சாமி, அம்மா லூசுன்னு சொல்லு" என்றார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் உதட்டைத்தான் பார்ப்பாள்.

அவர் சொல்லிவிட்டார் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும் அல்லவா.

ஜூன் 17, செவ்வாய்

சட்டிக்கு முதல் பூச்சு நன்றாக வந்தது. பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பில் ஒரு சொட்டு நீலம், தாள் ஈரமாக இருக்கும்போதே. நிழலைக் கறுப்பில் போடாமல் அதே நீலத்தை அதிகமாக்கிப் போட்டேன். சட்டி முக்காலியில் உட்கார்ந்தது. இரண்டாவது பூச்சுக்குக் காத்திருந்தபோது மாமாவின் பழைய சிநேகிதர், டிரைவர் நாச்சிமுத்து மாமா, வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் பதினாறு வருஷம்.

"பேத்தி பேசறாளா?" என்றார் அவர்.

"பேசுவா, பேசுவா. காது பாம்புக்காது. வா, காட்றேன்."

எனக்குத் தெரியும் மேடம். அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரியும். "மாமா, ஈரம் காயல, அப்புறமா..." என்றேன். அதற்குள் இருவரும் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். தனு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் மண்சட்டி.

ஊதினார்.

தனு ஒரு வெங்காயத்தை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள்.

"வெளையாட்டு மும்முரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தெருவில் யாரோ வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். வெங்காயம் சரிந்தது, அவள் பொறுமையாக மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை ஊதும்போது மாமாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் தட்டினார். காதருகில் வைத்துக் குலுக்கினார். "உள்ள இருக்கற உருண்டை தேஞ்சு போச்சாட்ட இருக்குது. சத்தமே வரல பாரு" என்றார்.

நாச்சிமுத்து மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாப்பா, சத்தம் சரியா வரல" என்றார். "நான் இன்னொரு நாளைக்கு வாரேன்."

அவர் போன பிறகு மாமா முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த எடத்துல கொடம் இருக்குமில்ல? எங்க அது?"

பின்கட்டிலிருந்து குடத்தைக் கொண்டுவந்து சட்டியை எடுத்துவிட்டு வைத்தேன். அவர் கையைப் பிடித்துத் தனுவுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். என் கையைப் பிடித்து அவருக்குப் பழக்கமில்லை, ஆனாலும் விடவில்லை. பிறகு நான் எழுந்து போய் அவருடைய சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றேன். விசில் இல்லை, சத்தம் இல்லை.

தனு திரும்பிச் சிரித்தாள். துண்டு என் தோளில் இருப்பதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

மாமா குடத்தைப் பார்த்தார். அதன் வலது ஓரத்தில் அந்தச் சிவப்பு. "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"வியாழக்கெழமைங்க மாமா."

"எத்தன தடவ பாத்த?"

"ஏழு தடவ."

உங்களுக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தேன். ஏழு. கை தட்டினேன், தட்டைத் தட்டினேன், கடைசியில் அவள் பெயரைக் கத்தினேன். அடித்து எழுதாமல் அதை அப்படியே விடுகிறேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். "நாந்தான் அந்த டீச்சரை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன்" என்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், கோயம்புத்தூருக்குக் காலையில் எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டு வர. அந்த ஊர் வண்டி நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இரண்டாவது பூச்சு கெட்டுவிட்டது. ஈரத்தில் ஈரம் சேர்ந்து பூக்கோசுபோல் விரிந்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

ஆஸ்பத்திரியில் அடுத்த செவ்வாய்க்கு நேரம் கொடுத்தார்கள். மாமாதான் பேசினார். விசில் ஆணியில் தொங்குகிறது. காலையில் யாரும் ஊதவில்லை. தனு ஏழு ஐம்பதுக்குத் தானாகவே வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 21, சனி

கணவர் வந்ததும் அவரிடம் சொன்னோம். நான் தொடங்கினேன், மாமா முடித்தார். அவர் நம்பவில்லை. தனுவுக்குப் பின்னால் போய் நின்று "தனு" என்றார். "தனும்மா." "தனு!" தெருவே கேட்கும்படி கத்தினார். மாமா, "போதும்டா, விடு" என்று தோளைப் பிடித்தார்.

பிறகு என்னிடம் வந்தார். "எப்பக் கண்டுபுடிச்ச?"

"பன்னெண்டாந் தேதி."

"பதினஞ்சாந் தேதி நான் இங்கதான இருந்தேன். இட்லி ஊட்டிட்டு இருந்தேன்."

"கேட்டேனே..."

"கேட்ட. சொல்லல."

பைக்கை எடுத்துக்கொண்டு போனார். வந்தபோது மணி எட்டு. சாப்பிட்டார். தட்டைக் கழுவி அவரே கவிழ்த்து வைத்தார், சத்தம் வராமல், மெதுவாக. யாருக்காக அவ்வளவு மெதுவாக என்று கேட்கத் தோன்றியது.

ஜூன் 24, செவ்வாய்

போய் வந்துவிட்டோம். தூங்குவதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள், கசந்து துப்பினாள், மறுபடி கொடுத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் ஒலி செலுத்திப் பார்க்கிறார்கள். திரையில் கோடுகள் ஓடின. நான் படித்த படிப்புக்குக் கோடு என்றால் எங்காவது ஒரு மேடு வர வேண்டும் என்று தெரியும். ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மேடு வரவில்லை. இரண்டு காதுக்கும்.

பரிசோதித்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "வீட்ல யாருக்குமே சந்தேகம் வரலையாம்மா?"

மாமா முந்திக்கொண்டார். "நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். விசிலடிச்சாத் திரும்புச்சுங்க. கண்ணுல பாத்துத் திரும்புதுன்னு எனக்குத் தெரியலீங்க."

"நல்லாக் கவனிக்கற குழந்தைங்க அப்படித்தாங்கய்யா. காது கேக்குதுன்னு எல்லாரையும் நம்ப வெச்சிரும். ஏமாத்தறதில்ல, அதுக்கு அதான் வழி."

முதலில் காதுக் கருவி, மூன்று மாதம். பலன் இல்லையென்றால் ஆப்பரேஷன். கூடவே பேச்சுப் பயிற்சி. இன்னும் மூன்று வயது ஆகவில்லை, அது நல்லது என்றார். "ஒரு வருஷம் முன்னால வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அத இப்பக் கேக்காதீங்க. நீங்க இன்னைக்கு வந்திருக்கீங்க" என்றார்.

திரும்பும்போது தனு மாமாவின் மடியில் மருந்து மயக்கத்தில் தூங்கினாள். பல்லடம் தாண்டி, கண்டக்டர் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று விசில் ஊதினார். என் கை தானாக அவள் காதைப் பொத்தியது. பிறகு எடுத்தேன். மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணவர் இன்று லீவு போட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டு. இறங்கும்போது என் பையை வாங்கிக்கொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

மேடம், படத்தை இந்த நோட்டோடு அனுப்புகிறேன். மண்சட்டி, மூன்று சுருங்கிய கத்திரிக்காய், வெங்காயம். சட்டியின் மேல் பூக்கோசுக் கறையை அப்படியே விட்டிருக்கிறேன், சுரண்டவில்லை. குடத்தை என்னால் இப்போது வரைய முடியாது. மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பாடம் நிலக்காட்சி என்று போட்டிருக்கிறீர்கள், அதைச் செய்ய எனக்கு நேரம் இருக்குமா தெரியவில்லை.

வேறொன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பேச்சுப் பயிற்சி ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை தொடங்குகிறது. பயிற்சி கொடுக்கும் அம்மா, வீட்டில் தனு தினம் பார்க்கிற சாமான்களைப் படமாகக் கொண்டுவரச் சொன்னார். ஒரு அட்டைக்கு ஒரு சாமான். டம்ளர், கரண்டி, தக்காளி, சீப்பு, இப்படி இருபது. போட்டோ போதும் என்றார், நான் வரைந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "சரி, ஆனா பின்னால ஒண்ணும் இருக்கக்கூடாது. நிழல் போடாதீங்க. நிழலும் சேர்ந்துதான் கரண்டின்னு குழந்தை நெனச்சுக்கும்" என்றார்.

மூன்று அட்டை போட்டுப் பார்த்தேன். நிழல் இல்லாவிட்டால் எதுவும் உட்கார மாட்டேன் என்கிறது, நீங்கள் முதல் பாடத்திலேயே சொன்னதுதான். தக்காளி அந்தரத்தில் நிற்கிறது. தனு அந்த அட்டையைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். மாமா, "தக்காளி வண்டி ஏறிப் போயிருச்சு சாமி" என்று சைகையில் சொன்னார். அவர் இப்போது எதைச் சொன்னாலும் அவள் எதிரில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துதான் சொல்கிறார், முழங்கால் வலியோடு.

நிழல் போடாமல் ஒரு பொருளைத் தாளில் உட்கார வைக்க வழி உண்டா? கோட்டின் அழுத்தத்தை அடியில் கூட்டினால் போதுமா, அல்லது அடிப்பக்கத்து நிறத்தையே கொஞ்சம் அடர்த்தியாக்க வேண்டுமா? டம்ளருக்கு என்ன செய்வது? அது எவர்சில்வர், அட்டையில் எதிரில் எதுவும் இல்லாதபோது அதற்கு என்ன நிறம் கொடுப்பது?

ஏழாம் தேதிக்குள் இருபது அட்டை முடிக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு இருக்கட்டும், இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள் மேடம்.

வான்மதி